வீணாகும் வெப்பத்தை வீடுகளுக்குக் கொண்டுவருவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டென்மார்க், ஸ்வீடன் போன்ற குளிர்நாடுகளில் வீட்டுக்கு வீடு பாய்லர் வைக்காமல், ஓரிடத்தில் சூடாக்கிய நீரை நிலத்தடிக் குழாய்களில் ஊர் முழுக்க அனுப்புகிறார்கள். டென்மார்க்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு வெப்பம் இப்படித்தான் வருகிறது. நிலக்கரியை விட்டுவிட்டு, ஆலைகளில் வீணாகும் வெப்பத்தையும் சூரியனையும் கொண்டே அந்த நீரைச் சூடாக்க முடியும். ஆனால் திட்டம் போடும்போதே சில தவறுகள் நுழைந்துவிடுகின்றன.

எத்தனை மெகாவாட் கிடைக்கும் என்று மட்டும் பார்ப்பது முதல் தவறு. எத்தனை டிகிரியில் கிடைக்கும் என்றும் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆருபிஸ் செம்பு ஆலையில் கந்தக அமிலம் தயாராகும்போது வெளிப்படும் வெப்பம், 2018 முதல் சுமார் 90 டிகிரி நீராகவே அந்நகரின் ஹாஃபன்சிட்டி குடியிருப்பின் கிழக்குப் பகுதிக்குப் போகிறது. டென்மார்க்கின் ஓடென்ஸ நகரில் மெட்டாவின் டேட்டா சென்டர் தரும் வெப்பமோ வெறும் வெதுவெதுப்பு. மின்சாரத்தால் வெப்பநிலையை ஏற்றித் தரும் ஹீட் பம்ப் வைத்து உயர்த்தினால்தான் வீடுகளுக்கு உதவும். அதற்கான மின்செலவைச் சேர்க்காமல் இலவச வெப்பம் என்று கணக்கு எழுதக் கூடாது.

இதைவிடப் பெரிய தவறு, வீடுகளில் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு ஆலைக்குத் திரும்பி வரும் நீரைக் கவனிக்காமல் விடுவது. 80 டிகிரியில் போன நீர் 60-இல் திரும்பினால், வீடுகள் எடுத்துக்கொண்டது 20 டிகிரிதான். 70-இல் போய் 30-இல் திரும்பினால் அதே அளவு நீர் இரண்டு மடங்கு வெப்பத்தைக் கொடுத்திருக்கும். அதோடு, 30 டிகிரி நீரை 45 டிகிரி கழிவு வெப்பம்கூட நேரடியாகச் சூடேற்றும். 60 டிகிரி நீரை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கோளாறு பெரும்பாலும் வீடுகளில்தான் இருக்கிறது: சரியாக மூடாத வால்வு, அறையைச் சூடாக்கப் போதாத ரேடியேட்டர். டென்மார்க்கில் பல வெப்ப நிறுவனங்கள், நீரைச் சூடாகவே திருப்பி அனுப்புபவர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன. கடுமையாகத் தோன்றினாலும் நியாயமான ஏற்பாடு அது. அதற்காக, அனுப்பும் நீரின் வெப்பநிலையை இஷ்டத்துக்குக் குறைக்கவும் கூடாது. குளியலறைக் குழாயில் வெதுவெதுப்பாகத் தேங்கும் நீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும்.

அப்புறம் பருவம். சூரிய வெப்பம் கோடையில் குவியும், தேவையோ குளிர்காலத்தில். சேமிப்புக்கு வழி செய்யாமல் சூரிய வெப்பத் தகடுகளை மட்டும் பரப்பிப் பயனில்லை. டென்மார்க்கின் ட்ரோனிங்லுண்டில் 60,000 கன மீட்டர் நீர் கொள்ளும் குழியை வெட்டி, மேலே காப்பு மூடி போட்டு, கோடை வெப்பத்தைக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

ஒரே ஆலையை மட்டும் நம்புவதும் ஆபத்து. பராமரிப்புக்காக அது நிற்கலாம், ஒருநாள் மூடியே விடலாம். மாற்று பாய்லரும், எத்தனை ஆண்டு வெப்பம் தருவார்கள் என்ற எழுத்துபூர்வ ஒப்பந்தமும் குழாய் பதிக்கும் முன்பே கையில் இருக்க வேண்டும்.