ஊரிலா, ஜெர்மனியிலா?

அக்கா மகன் பிளஸ் டூ முடித்துவிட்டுத் தூக்கமில்லாமல் கிடக்கிறான்: இங்கே பொறியியல் கவுன்சலிங்கா, ஜெர்மனியில் படிப்பா? சோர்ந்துபோன பிள்ளையிடம் "உன் இஷ்டம்ப்பா" என்று கைகழுவாதீர்கள், அது பெரிய பாரம். முதலில் நன்றாகத் தூங்கட்டும். அப்புறம் கணக்கைத் திறந்து காட்டுங்கள்.

ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்கு 'பிளாக்டு அக்கவுண்ட்' வேண்டும்; அதாவது, அங்கே தங்கும் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டுவைத்து, மாதாமாதம் கொஞ்சமாக எடுக்கும் கணக்கு. 2025 நிலவரப்படி வருடத்துக்கு 11,904 யூரோ. கடன் வாங்கித்தான் என்றால் அதையும் மறைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு எப்படியும் தெரிந்துவிடும்.

இதை இந்த ஜூனிலேயே முடிவுசெய்ய வேண்டியதில்லை. இங்கே அங்கீகாரம் பெற்ற பட்டப்படிப்பில் முதல் வருடம் தேறினால், அதே துறைக்கு அங்கே விண்ணப்பிக்கலாம். அதுவரை ஜெர்மன் மொழியின் தொடக்க நிலையான ஏ1 வகுப்புக்கு அனுப்புங்கள். வகுப்பைத் தட்டிக்கழித்தால், சரி, திட்டாமல் ஏனென்று கேளுங்கள்.