வறண்ட வருடத்தில் விமானி வேலை: மலையகத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

"தம்பி, மகன் ஏ.எல். முடிச்சிட்டான். பைலட் ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். நாடு இருக்கிற இருப்புல இதுல காசு போடலாமா?" நோர்வூட், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கமிருந்து இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதை இப்போது எழுதி வைக்கிறேன்.

நான் தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் டீமேக்கர் வீட்டில் பிறந்தவன். இரத்மலானையில் பறக்கப் பழகினேன். வளைகுடாவில் ஒரு நிறுவனத்தில் எயார்பஸ் ஏ320இல் துணை விமானியாக இருந்தபோது, 2020 ஆட்குறைப்பில் வேலை போனது. 2022இல் வேறொரு நிறுவனம் எடுத்தது. என்னோடு வீட்டுக்குப் போனவர்களில் யார் கொக்பிட்டுக்குத் திரும்பினார்கள், யார் திரும்பவில்லை என்று பார்த்த பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுதியானது. எந்த விமான நிறுவனத்தையும் நம்பி வேலைப் பாதுகாப்பைக் கணக்குப் போடக்கூடாது. லைசன்ஸ், மெடிக்கல் (மருத்துவத் தகுதிச் சான்றிதழ்), பறந்த மணித்தியாலங்களுக்கான ஆதாரம், கையில் கொஞ்சம் காசு என்ற நான்கையும் யார் விடாமல் வைத்திருந்தார்களோ அவர்களைத்தான் திரும்பக் கூப்பிட்டார்கள்.

எந்த நெருக்கடி என்று முதலில் பாருங்கள்

நம் நாட்டுக்கு வரும் நெருக்கடியும் உலகத்துக்கு வரும் நெருக்கடியும் விமானிக்கு ஒன்றல்ல. 2020இல் உலகம் முழுவதும் விமானங்கள் தரையில் நின்றன. போக்கிடமே இல்லை. ஹொங்கொங்கின் கத்தே டிராகன் அந்த வருடம் ஒக்டோபரில் ஒரேயடியாக மூடப்பட்டது. 2022 அப்படியல்ல. இங்கே பெற்றோல் வரிசையில் ஆட்கள் விடிய விடிய நின்றார்கள். கட்டுநாயக்கவில் எரிபொருள் தட்டுப்பட்டு, நம் விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போயின. ஆனால் அதே மாதங்களில் வளைகுடா நிறுவனங்கள் ஆள் தேடிக்கொண்டிருந்தன. இலங்கையிலிருந்து ஏராளமான விமானிகள் கிளம்பிப் போனார்கள். ஒரு வருடத்துக்குள் ஆட்குறைவு ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸுக்குத்தான் தலைவலியானது.

அதனால் "நாடு மோசமாக இருக்கிறது" என்பதற்காக மட்டும் பிள்ளையின் ஆசையை மூட்டை கட்டிவிட வேண்டாம். "இப்போது எல்லோரும் ஆள் எடுக்கிறார்கள்" என்பதற்காக அவசரப்படவும் வேண்டாம். பயிற்சி முடிந்து சிபிஎல் என்ற வணிக விமானி லைசன்ஸ் கைக்கு வர ஒன்றரையிலிருந்து இரண்டு வருடம் ஓடிவிடும். 2018இல் நல்ல காலம் என்று நம்பிச் சேர்ந்தவர்கள், 2020இல் எந்த நிறுவனமும் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்காத நேரத்தில் வெளியே வந்தார்கள். கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதல் நடந்தது 2001 ஜூலை 24ஆம் திகதி. அதிலிருந்து ஏழு கிழமைகளில் செப்டம்பர் 11 வந்தது. இதையெல்லாம் முன்கூட்டிக் கணிக்க யாராலும் முடியாது. லைசன்ஸ் கிடைத்த பிறகும் இரண்டு வருடம் வேலை இல்லாமல் குடும்பம் தாங்குமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். தாங்கும் என்றால் தொடங்குங்கள்.

காசுக்கு முன் மெடிக்கல்

இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். நகையை அடகு வைக்க முன், காணியை ஈடு வைக்க முன், பிள்ளையை வணிக விமானிகளுக்கான கிளாஸ் ஒன் மெடிக்கலுக்குக் கூட்டிப் போங்கள். சிவில் விமான சேவைகள் அதிகார சபை அங்கீகரித்த மருத்துவர்தான் அதைச் செய்யவேண்டும். புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணை வாசிக்கச் சொல்லும் புத்தகம் ஒன்றை நீட்டுவார்கள். நிறக்குருடு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கண்ணாடி போட்டிருப்பது தடையல்ல. பார்வை, காது, இருதயம், சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள். 40 வயதுக்குக் கீழே என்றால் இந்தச் சான்றிதழ் பன்னிரண்டு மாதம் செல்லும்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு விமானம் என்றாலே 1974 டிசம்பர் 4 ஞாபகம் வரும். மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மார்ட்டின் எயார் விமானம் மோதி 191 பேரும் மாண்ட நாள் அது. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நான் பார்த்தவரை பிள்ளைகளின் விமானி வாழ்க்கையை முடித்து வைத்தவை கடனும் மெடிக்கலும்தான்.

ஆங்கிலத்தையும் இப்போதே கவனியுங்கள். தமிழ் மொழிமூலத்தில் படித்த பிள்ளைக்குக் கணக்கும் பௌதிகவியலும் கைகொடுக்கும், பேச்சில்தான் தடுக்கும். விமானிகளின் ஆங்கிலத்துக்கான சர்வதேச அளவுகோலில் நான்காம் நிலை இருந்தால்தான் வெளிநாடுகளுக்குப் பறக்கலாம். அந்த நிலையில் இருப்பவர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பரீட்சைக்குப் போகவேண்டும். ஆறாம் நிலை எடுத்தால் மறு பரீட்சையே இல்லை. ஆள் குவிந்து கிடக்கும் காலத்தில் நேர்முகத்தேர்வில் ஒருவரைக் கழிக்க முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

கட்டணமும் கடனும்

முழுக் கட்டணத்தையும் முன்கூட்டிக் கட்டச் சொல்லும் பயிற்சிப் பள்ளிக்குப் போகாதீர்கள், எவ்வளவு கழிவு தந்தாலும் சரி. நெருக்கடியில் பள்ளிகளும் மூடும். கட்டிய காசுக்கு வரிசையில் கடைசி ஆள் மாணவன்தான். தனியார் விமானி லைசன்ஸ் வரை ஒரு தவணை, தனித்துப் பறக்கும் மணித்தியாலங்களுக்கு ஒரு தவணை என்று பிரித்துக் கட்ட ஒத்துக்கொள்கிறார்களா என்று எழுத்தில் வாங்குங்கள்.

வெளிநாட்டில் பயிற்சி என்றால் டொலரைப் பாருங்கள். 2022 தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களில் 360க்குப் போனது. பாதி பறந்திருந்த பிள்ளைகளுக்கு மீதிப் பாதியின் செலவு ரூபாவில் ஏறக்குறைய இரட்டிப்பானது. சிலர் அதோடு நிறுத்திவிட்டு வந்தார்கள். கட்டவேண்டிய டொலர் தொகையை அன்றைய விலையில் கணக்குப் போட்டு, அதற்கு மேல் பாதியைத் தனியாக ஒதுக்க முடிந்தால் மட்டும் இறங்குங்கள்.

வேலை கிடைத்த பிறகு ஒரு கணக்கு உண்டு. விமானியின் சம்பளத்தில் ஒரு பகுதி பேசிக் என்ற அடிப்படைச் சம்பளம், மற்றது பறந்த மணித்தியாலத்துக்கு வரும் கொடுப்பனவு. நெருக்கடி வந்ததும் பறக்கும் மணித்தியாலம் குறையும். யாரையும் நீக்காமலே மாதச் சம்பளம் சுருங்கிவிடும். எந்தக் கடன் தவணையையும் பேசிக்கை மட்டும் வைத்துக் கணக்கிடுங்கள். கவ்வாத்து வெட்டிய மலையில் சில மாதம் கொழுந்து வராது என்று தெரிந்துதானே தோட்டத்தில் வரவு செலவு போடுகிறார்கள், இதுவும் அப்படித்தான். ஆறு மாதச் செலவு வங்கியில் சேரும் வரை வாகனம் வேண்டாம், கொழும்பில் வீடும் வேண்டாம்.

யாரை முதலில் வெட்டுவார்கள்

வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் புதிதாக எடுப்பதை நிறுத்துவார்கள். தேர்வாகி, சேரும் திகதிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் அப்படியே தொங்குவார்கள். அடுத்தது சம்பளமில்லா லீவு, சம்பள வெட்டு. பிறகு ஒப்பந்தக்காரர்கள், தகுதிகாண் காலத்தில் இருப்பவர்கள், கடைசியில் சேர்ந்தவர்கள். பல நிறுவனங்களில் கடைசியாக வந்தவர் முதலில் போவார் என்பது எழுதப்பட்ட விதி. அதனால் நெருக்கடி வாசனை அடிக்கும்போது, கொஞ்சம் கூடிய சம்பளத்துக்காகக் கொம்பனி மாறி, சீனியோரிட்டியைப் பூச்சியமாக்கிக்கொள்வதை நான் ஆதரிக்கமாட்டேன்.

அந்த வாசனை எங்கிருந்து வரும்? துணை விமானிகளைக் கெப்டனாக உயர்த்துவது சத்தமில்லாமல் நிற்கும். குத்தகைக்கு எடுத்த விமானங்கள் திரும்பிப் போகும். ரோஸ்டரில் ஓய்வு நாள் கூடும். இலங்கைக் கொம்பனி என்றால் சேமலாப நிதியைப் பாருங்கள். உங்களிடம் 8 சதவீதம் பிடிக்கிறார்கள், அவர்கள் 12 சதவீதம் போடவேண்டும். அது கணக்கில் விழத் தாமதமாகிறது என்றால் மற்ற கடன்காரர்களுக்கும் அங்கே காசு போகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு ஈ.பி.எஃப். தாளை வாசிக்க யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

லொக் புத்தகம்

பறந்த மணித்தியாலங்களைப் பதியும் இந்தப் புத்தகம்தான் விமானியிடம் இருக்கும் பெறுமதியான பொருள். திகதி, விமானத்தின் பதிவெழுத்து, கிளம்பிய இடம், இறங்கிய இடம், பகல், இரவு, கெப்டனாகவா துணையாகவா என்று ஒவ்வொரு வரியும் மையால் எழுதப்படவேண்டும். அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்து வேண்டும். மாத முடிவில் கூட்டிப் போட்டு, கொம்பனியின் தலைமை விமானியிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். நான் ஒவ்வொரு மாதமும் முதல் கிழமையில் வாங்கிவிடுவேன். பக்கத்தைப் போனில் படமெடுத்து, ஒரு பிரதியை வீட்டுக்கும் அனுப்பிவிடுவேன்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? இந்தியாவில் 2012இல் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரலில் ஜெட் எயார்வேஸ், 2023 மேயில் கோ ஃபர்ஸ்ட் நின்றன. நின்ற கொம்பனியில் முத்திரை குத்த ஆள் இருக்காது. புதிய நிறுவனமோ மணித்தியாலங்களை உறுதிப்படுத்தும் கடிதம், சிம் (தரையில் இருக்கும் சிமியுலேட்டர்) பரீட்சைத் தாள்கள், விபத்து எதிலும் சம்பந்தப்படவில்லை என்ற கடிதம் மூன்றையும் கேட்கும். வேலையில் இருக்கும்போதே இவற்றை வருடம் ஒருமுறை கேட்டு வாங்கி வையுங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

வேலை இல்லாத மாதங்களில்

90 நாளுக்குள் மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கியிருக்கவேண்டும் என்பது விதி. அது போனாலும் சிம்மில் மீட்டுக்கொள்ளலாம். மெடிக்கலை மட்டும் ஒரு நாள்கூடக் காலாவதியாக விடாதீர்கள். நிறுவனங்கள் திடீரென்றுதான் திறக்கும். செல்லுபடியான மெடிக்கலும் டைப் ரேட்டிங்கும் (குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் தகுதி) உள்ளவர் பெயர்தான் மேலே வரும். கையில் இருக்கும் காசை ஒரு சிம் பரீட்சைக்கென்று பொத்தி வைத்தவர்கள் எனக்கு முன்பே வேலைக்குப் போனார்கள்.

ஊரில் இருந்த காலத்தில் நான் ஏ320 கொக்பிட் படத்தைப் பெரிதாக அச்சடித்து அப்பாவின் அறைச் சுவரில் ஒட்டினேன். அதற்கு முன்னால் குசினி நாற்காலியைப் போட்டு, காலையில் பற்றரி சுவிட்சிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போவேன். மேல் பலகையில் இடமிருந்து வலம் விரல் தானாக ஓடும் வரை அது தொடர்ந்தது. தங்கச்சி பின்னால் நின்று "இடது என்ஜின் நெருப்பு" என்று கத்துவாள். நான் படத்தைப் பார்க்காமல் செய்யவேண்டியதைச் சொல்லவேண்டும். தாளுக்கு ஆன செலவு சொற்பம். ஆனால் தேர்வுக்குப் போனபோது கை தடுமாறவில்லை.

புதிதாக லைசன்ஸ் எடுத்தவர்கள் பெரிய ஜெட்டுக்காகவே காத்திருக்கவேண்டாம். இரத்மலானையில் பயிற்றுநராகலாம், விமான நிறுவனங்களின் இயக்கப் பிரிவில் வேலை பார்க்கலாம். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கும் கடல்விமானத்தைக் கரையில் நின்று பார்த்திருப்பீர்கள். அது செஸ்னா கரவான், சுழலி என்ஜின். அதில் ஏறும் ஒவ்வொரு மணித்தியாலமும் லொக் புத்தகத்தில் ஏறும். வேலை வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்கும் ஏஜெண்டுக்கும், துணை விமானி இருக்கையில் உட்காரக் காசு கட்டச் சொல்லும் திட்டத்துக்கும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கடிதம் வந்தால்

அறைக்குக் கூப்பிட்டு "நானாக விலகுகிறேன்" என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள், வாசிக்க நேரம் கேளுங்கள். இலங்கையில் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுங்கு நடவடிக்கை அல்லாத காரணத்துக்கு ஒருவரை நீக்க, அவருடைய எழுத்துமூல சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நீங்களே விலகியதாக எழுதிக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். முறையீடு செய்வதென்றால் நீக்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் செய்யவேண்டும். ஐந்து வருடம் வேலை செய்திருந்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை தனியாக வரவேண்டும்.

இத்தனை வருடம் வேலை செய்யாவிட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டவேண்டும் என்ற பயிற்சிப் பிணை ஒப்பந்தம் இருந்தால், கொம்பனியே நீக்கும்போது அந்தப் பணத்தை யார் கட்டுவது என்ற வாசகத்தைத் தேடுங்கள். சேரும்போதே கேட்டு எழுதுவித்திருந்தால் இப்போது அலைச்சல் இல்லை.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் என்றால் முதல் ஐந்து வருடங்களுக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக் கணக்கில் கொடுப்பனவு உண்டு. அங்கே வங்கிக் கடன் இருந்தால் முதலில் வங்கியோடு பேசித் தீர்வு எழுதி வாங்குங்கள், பாக்கியோடு விமானமேறுவது சிக்கலாகலாம். கொம்பனி காப்புறுதி எந்தத் திகதியோடு முடிகிறது என்று கேட்டு, அதற்குள் பல், கண், இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் பார்த்து, கிளாஸ் ஒன் மெடிக்கலையும் புதுப்பித்துவிட்டு ஊருக்கு ஏறுங்கள்.