முத்துத் தோட்டுப் பெண்ணைப் பார்த்து வரையும்போது சறுக்கும் இடங்கள்

ஆயில் பெயிண்டில் முகம் வரையப் பழகுகிறவர்கள் பலர் டச்சு ஓவியர் வெர்மீரின் 'முத்துத் தோடு அணிந்த பெண்'ணைக் கையில் எடுக்கிறார்கள். 1665 வாக்கில் வரையப்பட்ட இந்த ஓவியம் ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நல்ல தேர்வுதான். ஆனால் முதல் சறுக்கலே மூக்கில் வந்துவிடும்.

மூக்குக்கு ஒரு கோடு இழுத்துவிடுகிறோம். அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் உள்ள படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மூக்குத் தண்டுக்கும் வெளிச்சம் விழும் கன்னத்துக்கும் நடுவே கோடே கிடையாது. இரண்டும் ஒரே நிறமாகக் கலந்து கிடக்கின்றன. நம் கண்தான் மூக்கைப் பிரித்தெடுக்கிறது. அங்கே கோடு போட்டால் அந்த முகத்தின் மென்மை போயிற்று. அதனால் பென்சிலில் முகத்தை முழுதாக வரைந்து முடிக்காதீர்கள். பழுப்பு நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே என்று முதலில் பிரித்துவிடுங்கள்.

அடுத்தது அவசரம். ஆயில் பெயிண்ட் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து மெல்ல இறுகுகிறது. கீழ்ப்பூச்சில் எண்ணெயைத் தாராளமாக விட்டு, மேலே எண்ணெய் குறைந்த பூச்சைக் கொடுத்தால் மேல்பகுதி முதலில் இறுகும், கீழே இன்னும் அசையும். அப்புறம் வெடிப்புதான். முதல் பூச்சை டர்பெண்டைன் கலந்து மெல்லிசாகக் கொடுங்கள். ஆளி விதை எண்ணெயைப் பிந்தைய பூச்சுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

சருமத்துக்கு டைட்டானியம் வெள்ளையை அள்ளிப் போட்டால் முகம் பவுடர் அப்பியதுபோல் ஆகிவிடும். வெர்மீர் காலத்தில் அது கிடையாது, அவர் பூசியது ஈய வெள்ளை. அது நச்சு, வீட்டில் வேண்டாம். டைட்டானியத்தையே குறைவாக எடுத்து, துளி மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள் நிறம்) சேர்த்தால் போதும்.

பின்னணியைத் தட்டையான கறுப்பாக அடிப்பதும் தவறு. அங்கே பச்சைத் திரை ஒன்று இருந்ததை 2020இல் அருங்காட்சியகம் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கரும்பூச்சின் மேல் வெர்மீர் அவுரி நீலமும் மஞ்சள் சாயமும் கலந்து மெல்லிசாகப் பூசியிருக்கிறார். காலப்போக்கில் நிறம் மங்கிவிட்டது. நீங்களும் இருட்டின் மேல் மெல்லிய பச்சையைக் கொடுத்துப் பாருங்கள், முகம் எப்படி முன்னே வருகிறது என்று தெரியும்.

முத்தைக் கடைசி நாளுக்கு வையுங்கள். வட்டம் வரைய வேண்டாம், கொக்கியும் வேண்டாம். அவர் படத்திலும் கொக்கி இல்லை. மேலே பளிச்சென்று ஒரு வெள்ளைத் தீற்றல், கீழே வெள்ளைக் காலரின் மங்கலான பிரதிபலிப்பு. பிரஷைக் கீழே வைத்துவிடுங்கள்.