ஜன்னலில் வண்ணக் கண்ணாடி, பெயிண்டிலேயே

முதலில் கண்ணாடியின் உட்பக்கத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடுங்கள். பிசுக்கு இருந்தால் எதுவும் ஒட்டாது. படம் வரைந்த தாளை வெளிப்பக்கம் ஒட்டிவிட்டு, உள்ளிருந்து கறுப்பு அவுட்லைனரால் (கோடு போடுவதற்கான டியூப் பெயிண்ட்) கோடு இழுங்கள். அசல் வேலையில் கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப்பட்டைக்கு இதுதான் மாற்று. வெள்ளைப் பசை 2 பங்கு, கறுப்பு அக்ரிலிக் 1 பங்கு கலந்தும் போடலாம்; தண்ணீர் படாத இடமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

கோடு ஒரு ராத்திரி முழுக்கக் காயட்டும். நான் அவசரப்பட்டதில் சிவப்பும் மஞ்சளும் ஓடிக் கலந்து தக்காளிச் சட்னி ஆனதுதான் மிச்சம்! அப்புறம் கிளாஸ் பெயிண்ட். நிற்கும் கண்ணாடியில் வழியும் என்பதால் மெல்லிசாக இரண்டு தடவை பூசுங்கள். கழற்ற முடிகிற கண்ணாடி என்றால் படுக்கவைத்துத் தாராளமாக விடலாம். குமிழி வந்தால் ஊசியால் குத்திவிடுங்கள்.