ஸ்வோல்வார் போகுமுன்: வெளியூர்க்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

வடநார்வேயின் லோஃபோட்டன் தீவுக்கூட்டத்தில் ஸ்வோல்வார்தான் பெரிய ஊர். பெரியது என்ற பேச்செல்லாம் அந்தத் தீவுகளுக்குள்தான். மக்கள்தொகை ஐந்தாயிரத்தைத் தாண்டாது. துருவ வட்டத்துக்கு வடக்கே, 68 பாகையில் இருக்கும் மீன்பிடித் துறைமுகம். ஆஸ்லோவுக்குப் போடும் திட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவருகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

வந்து சேரும் வழி

ஊருக்குப் பக்கத்தில் ஹெல்லே விமான நிலையம் இருக்கிறது. பெருநிலத்திலுள்ள பூடோ நகரிலிருந்து விதரோ நிறுவனத்தின் சிறிய விமானங்கள் வருகின்றன. ஓடுபாதை மிகக் குட்டை. பக்கவாட்டில் காற்று பலமாக அடித்தாலோ மேகம் தாழ இறங்கினாலோ விமானம் ரத்தாகும். குளிர்காலத்தில் இது அடிக்கடி நடப்பதுதான். திரும்பும்போது இங்கிருந்து கிளம்பும் அதே நாளில், தனி டிக்கெட்டில், ஆஸ்லோவிலிருந்து சர்வதேச விமானம் வைத்துக்கொள்வதுதான் பணத்தை அதிகம் கரைக்கும் தவறு. ஒரே டிக்கெட்டாக எடுத்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்திருந்தால் நட்டம் உங்களுடையது. ஒரு இரவை ஆஸ்லோவில் கழிப்பது எப்படிப் பார்த்தாலும் மலிவு.

இரண்டாவது, படகைத் தப்பாகத் தேர்ந்தெடுப்பது. பூடோவிலிருந்து கார் ஏற்றும் ஃபெர்ரி மொஸ்கனேஸுக்குப் போகிறது, ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். லோஃபோட்டன் என்று போட்டிருக்கிறதே என்று அதில் ஏறுகிறார்கள். மொஸ்கனேஸ் தீவுகளின் மறுகோடி. அங்கிருந்து ஸ்வோல்வாருக்கு இன்னும் 120 கிலோமீட்டருக்கு மேல், குறுகிய மலைச்சாலையில். கார் இல்லாதவர்களுக்குப் பூடோவிலிருந்து நேராக ஸ்வோல்வாருக்கே வரும் விரைவுப் படகு இருக்கிறது. நேரம் இருந்தால் ஹுர்டிகுருட்டன் கடற்கரைக் கப்பலிலும் வரலாம்; பகலில் பூடோவில் ஏறினால் இரவில் இறங்கலாம், கேபின் எடுக்கத் தேவையில்லை.

பெரிய விமானம்தான் வேண்டும் என்றால் ஏவனேஸ் விமான நிலையம். அங்கிருந்து காரில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். 2007 டிசம்பரில் திறந்த லோஃபாஸ்ட் சாலை வழியாகப் படகில்லாமலே வந்துவிடலாம். ஆனால் ஈ10 சாலையின் அந்தப் பகுதியில் பெரிய அளவில் சாலைப்பணி நடந்துவருகிறது. கிளம்புமுன் சாலைத்துறையின் போக்குவரத்து நிலவரத்தைப் பாருங்கள். உள்ளூரிலிருந்து 175ஐ அழைத்தும் கேட்கலாம்.

எந்த மாதம்

நள்ளிரவுச் சூரியனையும் அரோரா என்ற துருவ ஒளியையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது. மே கடைசியிலிருந்து ஜூலை நடு வரை சூரியன் மறைவதே இல்லை. வானம் இருட்டாமல் அரோரா தெரியாது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைதான் அதற்குக் காலம். டிசம்பரில் வந்தால் இருட்டு நிறையக் கிடைக்குமே என்றால், கிடைக்கும். ஆனால் அந்த மாதம் முதல் வாரம் தாண்டியதும் சூரியன் உதிப்பது நின்றுவிடும். ஜனவரி முதல் வாரம் வரை பகல் என்பது சில மணி நேரத்து நீல வெளிச்சம் மட்டுமே. அரோரா, பகல் வெளிச்சம், காட் மீன் பருவம் மூன்றும் சேரும் மார்ச்தான் எங்கள் தேர்வு. அந்த மாதத்தில் இங்கே உலகக் காட் மீன்பிடிப் போட்டி நடக்கும் வார இறுதியில் மட்டும் அறை கிடைப்பது கஷ்டம். தேதியைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

உடையில் எல்லோரும் பயப்படுவது கடுங்குளிருக்கு. வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தால் குளிர்காலத்தில்கூட வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். சிக்கல் அதில்தான். பகலில் உருகும் பனி இரவில் மறுபடி உறைந்து, நடைபாதையெல்லாம் கண்ணாடியாகிவிடும். கனத்த ஜாக்கெட்டைவிட, காலணிக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் பட்டைதான் முக்கியம். கடையில் ‘புரொடர்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். உள்ளே கம்பளி, வெளியே காற்றும் மழையும் புகாத மேலுடை. ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் காயாது. குடையைக் காற்று நிமிர விடாது. வானிலைக்கு உள்ளூர்க்காரர்கள் நம்புவது ‘யர்’ என்ற செயலி. அதில் மழையை மட்டும் பார்க்காமல் காற்றின் வேகத்தையும் பாருங்கள்.

கடையும் சமையலும்

சனிக்கிழமை மாலைக்குள் வாங்கி வைக்காவிட்டால் ஞாயிறு பட்டினிதான். கோடையில் சில கடைகளுக்கு விலக்கு உண்டு என்றாலும், பெரிய மளிகைக் கடைகள் பொதுவாக ஞாயிறு மூடியிருக்கும். ஈஸ்டர் வாரத்தில் வியாழன், வெள்ளி, திங்கள் மூன்றும் விடுமுறை. கடையில் பீர் விற்பனை வாரநாளில் இரவு 8 மணியோடும் சனிக்கிழமை மாலை 6 மணியோடும் முடியும், ஞாயிறு கிடையாது. ஒயினும் அதைவிடக் கடுமையானதும் அரசின் வின்மொனொபோலெட் கடையில் மட்டுமே. தண்ணீர் பாட்டில் வாங்குவது வீண் செலவு. குழாய்த் தண்ணீரே நல்ல குடிநீர்.

தங்குவதற்குப் பலரும் எடுப்பது ரோர்பு, அதாவது மீனவர் குடில். பதிவு செய்யும்போது மெத்தை விரிப்பும் கடைசித் துப்புரவும் வாடகையில் சேர்த்தியா என்று கேளுங்கள். பல இடங்களில் அவற்றுக்குத் தனிக் கட்டணம். சமையலறை இருக்கும், அடுப்பு பெரும்பாலும் இண்டக்‌ஷனாக இருக்கும், ஊரிலிருந்து தூக்கிவரும் அலுமினியக் குக்கர் அதில் சூடேறாது. மரக்கட்டிடம் என்பதால் புகை எச்சரிக்கைக் கருவி இல்லாத அறை இல்லை. எண்ணெய் புகைய விட்டு மிளகாய் வற்றலைத் தாளித்தால் அலறிவிடும். சில விடுதிகளில் அது நேராகத் தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருக்கும், வீண் அழைப்புக்குக் கட்டணமும் வரலாம். புகை உறிஞ்சியை முதலில் போட்டு, மிதமான சூட்டில் தாளியுங்கள். கருவியைக் கழற்றவோ துணியால் மூடவோ வேண்டாம். நெய், பால்பவுடர், இறைச்சிப் பண்டங்களை இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கொண்டுவர அனுமதி இல்லை.

சாலையில், கரையில், கடலில்

ஈ10இல் படம் எடுக்க நினைத்த இடத்தில் காரை நிறுத்துகிறார்கள். சாலை குறுகல், வளைவு அதிகம், பின்னால் மீன் லாரி. ‘எம்’ என்று பலகை வைத்த ஒதுக்கிடம் எதிரில் வரும் வண்டிக்கு வழிவிடத்தான், நிறுத்தம் அல்ல. முகப்பு விளக்கு பகலிலும் எரிய வேண்டும். ரத்தத்தில் மது அளவு 0.2 புரொமிலை (ஆயிரத்தில் 0.2 பங்கு) தாண்டினாலே குற்றம். ஒரு பீர் குடித்தாலும் சாவியைத் தொடாதீர்கள்.

யாரும் எங்கும் கூடாரம் போடலாம் என்பது பாதி உண்மை. 1957ஆம் ஆண்டின் திறந்தவெளிச் சட்டப்படி, ஆள் இருக்கும் வீட்டிலிருந்து குறைந்தது 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வீட்டு முற்றம், வயல், மேய்ச்சல் புல்வெளி எல்லாம் விலக்கு. பொதுவாக ஒரே இடத்தில் இரண்டு இரவு. லோஃபோட்டனில் பல இடங்களில் உள்ளூர்த் தடைகளும் உண்டு, பலகையைப் படியுங்கள். விமான நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றி டிரோன் பறக்கவிடக் கூடாது. ஊருக்கு அருகில் என்றால் முதலில் வரைபடத்தில் தூரத்தை அளந்துவிடுங்கள்.

குளிர்காலக் கடைசியில் கரையெங்கும் மரச்சட்டங்களில் தொங்குவது உப்பே போடாமல் காற்றில் மட்டும் காயும் காட் மீன். உடல் பெரும்பாலும் இத்தாலிக்கும், தலை நைஜீரியாவுக்கும் போகிறது. அது ஒருவருடைய சரக்கு. சட்டத்தில் ஏறுவதும், மீனை இழுத்துப் பிடித்துப் படம் எடுப்பதும் கூடாது.

கடலில் தூண்டில் போட வெளிநாட்டவருக்கும் அனுமதிச் சீட்டு தேவையில்லை. கையால் இயக்கும் தூண்டில் மட்டும். மீன் பண்ணைக்கு 100 மீட்டருக்குள் பிடிக்கக் கூடாது. 8 மீட்டருக்கும் குறைவான படகில், ஓடும்போது மிதவை உடையை அணிந்தே இருக்க வேண்டும். பெஞ்சுக்கு அடியில் வைத்திருந்தால் போதாது. பிடித்த மீனை நாட்டுக்கு வெளியே எடுத்துப்போக வேண்டுமானால், பதிவு பெற்ற சுற்றுலா மீன்பிடி நிறுவனத்தின் வழியாகப் பிடித்திருக்க வேண்டும், அவர்கள் தரும் சான்றும் கையில் இருக்க வேண்டும். எடை வரம்பு அவ்வப்போது மாறுகிறது. படகை வாடகைக்கு எடுக்கும் அன்றே அந்த ஆண்டின் அளவைக் கேட்டு, சான்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.