தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்குப் புதுசா வந்து குடியை நிறுத்தணும்னு நினைக்கிறவங்களுக்கு

கோயில் வேலைக்கு வந்த ஸ்தபதி, ஹோட்டல் சமையலுக்கு வந்தவர், ஐடி கம்பெனிக்கு வந்தவர்னு யாரா இருந்தாலும் சரி, இங்க தனி ரூம்ல தங்கி சாயங்காலம் பேச ஆள் இல்லாம சனிக்கிழமை மட்டும்னு ஆரம்பிச்சது தினமும்னு ஆகிடுது. வீக்எண்ட் வந்தா பிராய்னு, அதாவது வெளியில கறி சுட்டுச் சாப்பிட, கூப்பிடுவாங்க, இறைச்சி சுடுறதுக்கு முன்னாடியே கையில கிளாஸ் வந்துடும். வீட்டுல மனைவிகிட்ட வீடியோ கால்ல மறைச்சு மறைச்சு எத்தனை நாள் ஓட்ட முடியும்? நிறுத்தணும்னு மனசுல ஒரு ஓரத்துல தோணினாலே போதும், வழி இருக்கு, குடியை விட்டவங்களும் விட நினைக்கிறவங்களும் கூடிப் பேசுற கூட்டம் இங்கயும் நடக்குது.

ஆனா முதல்ல ஒண்ணு. தினமும் நிறைய குடிக்கிறவங்க, காலைல கை நடுங்கி ஒரு பெக் போட்டாதான் நிக்குதுன்னு இருக்கிறவங்க, தயவுசெஞ்சு ரூமைப் பூட்டிக்கிட்டு திடீர்னு நிறுத்தாதீங்க. முதல் ரெண்டு நாள்லயே வலிப்பு வரலாம், அதுக்கப்புறம் ஆள் அடையாளம் தெரியாம உளறுற நிலைக்கும் போகலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர்கிட்ட எவ்வளவு குடிக்கிறீங்கன்னு உண்மையைச் சொல்லி, அவர் கொடுக்கிற மாத்திரை உதவியோட குடியை நிறுத்தணும். வலிப்பு வந்தா ஆம்புலன்ஸுக்கு 10177, மொபைல்ல இருந்து 112. சாட்ஸ்வொர்த் பக்கம்னா ஆர் கே கான் அரசு ஆஸ்பத்திரி இருக்கு. தங்கி சிகிச்சை எடுக்கணும்னா சான்கான்னு ஒரு அமைப்பு 1956ல இருந்து இந்த வேலையைத்தான் செய்யுது, டர்பன்ல அவங்க நடத்துற மையத்துக்குப் பேரு லுலாமா. போன்ல யார்கிட்டயாவது பேசினா போதும்னு இருந்தா 0800 12 13 14, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க.

இப்ப கூட்டத்துக்கு வருவோம். ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935ல அமெரிக்காவுல ரெண்டு குடிகாரங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டதுல ஆரம்பிச்சது, இன்னைக்கும் அடிப்படை அதேதான், குடிச்சவன் குடிச்சவன்கிட்ட பேசுறான். இங்க 0861 435 722க்கு போன் பண்ணி நீங்க இருக்கிற ஏரியா பேரைச் சொல்லி, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு எங்க கூட்டம்னு கேளுங்க. ஓபன் மீட்டிங்கா குளோஸ்டு மீட்டிங்கான்னும் கேட்டுக்கோங்க, ஓபன்னா துணைக்கு ஒரு ஃப்ரெண்டைக் கூட்டிட்டுப் போகலாம், குளோஸ்டுன்னா குடிப்பழக்கம் உள்ளவங்க மட்டும். பீஸ் கிடையாது. கடைசில ஒரு பை சுத்தி வரும், இஷ்டம்னா சில்லறை போடலாம், போடாட்டி யாரும் எதுவும் நினைக்க மாட்டாங்க.

நிறைய கூட்டம் சர்ச் ஹால்லதான் நடக்கும். மதம் மாத்திடுவாங்களோன்னு பயப்பட வேண்டாம், ஹால் வாடகைக்கு எடுக்கிறதோட சரி. கடவுள்னு பேசுவாங்க, உங்க கடவுள் முருகனா இருந்தாலும் மாரியம்மனா இருந்தாலும் உங்க இஷ்டம், நம்பிக்கையே இல்லாதவங்களும் வர்றாங்க.

பெரிய தயக்கம் ரெண்டு. ஒண்ணு பாஷை. 1860ல இருந்து தலைமுறை தலைமுறையா இருக்கிற நம்ம ஜனங்க ஃபீனிக்ஸ்லயும் சாட்ஸ்வொர்த்லயும் இருந்தாலும், பேர் கோவிந்தன்னு இருக்கும், காவடி எடுப்பாங்க, பேச்சு மட்டும் இங்கிலீஷ்தான். அதனால கூட்டமும் இங்கிலீஷ்லதான். உடைஞ்ச இங்கிலீஷ் போதும், பேசித்தான் ஆகணும்னு இல்ல, "ஐ வில் ஜஸ்ட் லிசன்"னு சொல்லிட்டு டீயை வாங்கிக்கிட்டு உக்காருங்க. மனசுல உள்ளதைத் தமிழ்ல கொட்டணும்னு இருக்கும், அது நியாயமான ஆசை, அதுக்கு தமிழ்நாட்டுல நடக்கிற தமிழ் கூட்டத்துல ஆன்லைன்ல சேரலாம், ஆனா அங்க ராத்திரி 7 மணின்னா இங்க மதியம் 3:30, வேலை நேரம், அதனால சனி ஞாயிறு பாத்துக்கோங்க. ஆன்லைன் மட்டும் போதும்னு விட்டுடாதீங்கன்னுதான் நான் சொல்வேன், ராத்திரி கடை பக்கம் கால் போகும்போது அஞ்சு நிமிஷத்துல வண்டி எடுத்துட்டு வர்ற ஆள் இந்த ஊர்லதான் வேணும்.

இன்னொண்ணு மானம். யாராவது பாத்துட்டா, முதலாளி காதுக்குப் போயிட்டா, விசா என்ன ஆகும்னு. ஏஏல முழுப்பேர் கேக்க மாட்டாங்க, பாஸ்போர்ட் கேக்க மாட்டாங்க, மெம்பர் லிஸ்ட்னு எழுதி வைக்கிறது கிடையாது. அப்பவும் உறுத்தினா கோயில் ஆளுங்க இல்லாத வேற ஏரியா கூட்டத்துக்குப் போங்க. ராத்திரி கூட்டம்னா திரும்பி வர ஆள் ஏற்பாடு பண்ணிட்டுப் போங்க, நடந்து வராதீங்க, புதுசுன்னு சொன்னா அங்கயே யாராவது கொண்டு வந்து விடுவாங்க.

முதல் கூட்டம் பிடிக்கலைன்னா வேற கூட்டத்தைப் பாருங்க, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். கொஞ்ச நாள் கழிச்சு ஸ்பான்ஸர்னு, அதாவது குடிக்காம இருக்க உங்களுக்குத் துணையா வழிகாட்டுற ஏஏ ஆள், ஒருத்தரைக் கேட்டு வச்சுக்கோங்க, நிறுத்தி கொஞ்ச வருஷம் ஆனவரா, ஆம்பளைக்கு ஆம்பளை பொம்பளைக்கு பொம்பளையா இருக்கிறது நல்லது. புரட்டாசி விரதத்துக்கு இங்க நிறைய பேர் கறியும் குடியும் மாசம் முழுக்க விட்டுடுவாங்க, நம்மாளுங்களும் கூட சேர்ந்து விடுவாங்க, மாசம் முடிஞ்ச அன்னைக்கே பாட்டில் திறந்துடும். அந்த மாசம் தாக்குப்பிடிக்கும்போதே ஸ்பான்ஸர் நம்பரை வாங்கி வச்சிருந்தா விரதம் முடியுற அன்னைக்கு அவருக்கு போன் அடிக்கலாம்.

கூட மனைவி வந்திருந்தா அவங்களுக்கு அல்-அனான்னு, குடிக்கிறவங்க குடும்பத்துக்குன்னே தனி கூட்டம் உண்டு, 0861 252 666. நீங்க இன்னும் குடிச்சுக்கிட்டே இருந்தாலும், ஏஏக்கு வர மாட்டேன்னு சொன்னாலும், அவங்க மட்டும் தாராளமா போகலாம்.