விண்வெளி விளையாட்டில் ஏவுகணை வேகத்தை எப்படிச் சரிசெய்வது?

காந்திபுரத்தில் அவிநாசி பஸ்ஸை விட்டுவிட்டீர்கள், அது 5 கிலோமீட்டர் முன்னால் போய்விட்டது, பைக்கில் துரத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பஸ் 50-இல் போகிறது, நீங்கள் 60-இல். இடைவெளி மணிக்கு 10 கிலோமீட்டர்தான் குறையும், அதனால் பிடிக்க அரை மணி நேரம் ஆகும், அதற்குள் 30 கிலோமீட்டர் ஓட்டி கருமத்தம்பட்டியையே தாண்டியிருப்பீர்கள். ஏவுகணைக்கும் இதே கணக்குதான்.

முதலில் உங்கள் விளையாட்டிலேயே வேகமான கப்பலை எடுத்து எக்செல்லில் எழுதுங்கள். அது நொடிக்கு 200 அலகு போகிறது, ஏவுகணை 250, சுடும் தூரம் 1500 என்றால், ஓடுகிற கப்பலைப் பிடிக்க 1500-ஐ 50-ஆல் வகுத்து 30 நொடி. ஆட்டக்காரர் அவ்வளவு நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார மாட்டார். ஏவுகணையை 400 ஆக்கினால் ஏழரை நொடியில் முடிந்துவிடும். எரிபொருள் நேரத்தை அதைவிடக் கொஞ்சம் குறைவாக 7 நொடி என்று வையுங்கள், அப்போதுதான் சரியான நேரத்தில் திரும்பி ஓடுகிறவருக்குத் தப்பிக்க ஒரு வழி இருக்கும்.

அடுத்தது ஏவுகணையைச் சுட்டு வீழ்த்தும் தற்காப்புத் துப்பாக்கி. இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். துப்பாக்கி எட்டும் தூரம் 600, நொடிக்கு 4 குண்டு, ஒவ்வொரு குண்டும் படுவதற்கு 30 சதவீத வாய்ப்பு, ஒன்று பட்டாலே ஏவுகணை காலி என்று வைப்போம். நிற்கிற கப்பலை நோக்கி 400 வேகத்தில் வரும் ஏவுகணை அந்த 600-ஐக் கடக்க ஒன்றரை நொடி ஆகும், அதற்குள் 6 குண்டு, தப்பி வருவது சுமார் 12 சதவீதம். வேகத்தை 600 ஆக்குங்கள்: ஒரு நொடி, 4 குண்டு, தப்பி வருவது 24 சதவீதம். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, கப்பலைத் தாக்கும் ஏவுகணைகளோ இரண்டு மடங்கு! அதாவது வேகத்தைக் கூட்டினால் தாக்கும் வலிமையையும் சேர்த்துக் கூட்டுகிறீர்கள். ஆகவே வேகத்தைத் தொட்டால் அதே நாளில் வெடிப்புச் சேதத்தையோ துப்பாக்கியையோ மாற்றியே ஆக வேண்டும். எனக்கு இது புரியவே இரண்டு மாதம் பிடித்தது.

அப்புறம் திரும்பும் வேகம். கோபியில் இருக்கும் அக்கா பையனிடம் விளையாடக் கொடுத்தேன், பத்து நிமிடத்தில் போன் வந்தது: "மாமா, இது கப்பல அடிக்காம செக்குமாடு மாதிரி சுத்தீட்டே கெடக்குதுங்." ஏவுகணை வளையும் வட்டத்தின் ஆரம் என்பது வேகத்தைத் திரும்பும் வேகத்தால் வகுத்தது, ஆனால் திரும்பும் வேகத்தைப் பாகையில் அல்ல, ரேடியனில் எடுக்க வேண்டும் (90 பாகை என்றால் சுமார் 1.57 ரேடியன்). நொடிக்கு 90 பாகை திரும்பும் ஏவுகணைக்கு 400-இல் ஆரம் சுமார் 255 அலகு, 600-இல் 382. அந்த வட்டத்துக்குள் கப்பல் நின்றுவிட்டால் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். திரும்பும் வேகத்தைக் கூட்டுங்கள், இல்லையென்றால் கப்பலை நெருங்கும்போது வேகம் குறையும்படி எழுதுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், பார்க்கவும் அழகாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. விளையாட்டு உருவாக்க உதவும் கோடோ (Godot) எஞ்சினில், பொருள்கள் நகர்வதையும் மோதுவதையும் பார்க்கும் இயற்பியல் கணக்கு வழக்கமாக நொடிக்கு 60 முறை நடக்கும். 1200 வேகம் வைத்தால் ஒவ்வொரு முறையும் ஏவுகணை 20 அலகு தாவும், 12 அலகு அகலக் கப்பல் என்றால் மோதாமலே ஊடுருவிப் போய்விடலாம். பழைய இடத்திலிருந்து புதிய இடம் வரை ஒரு கோடு போட்டு, அது கப்பலில் படுகிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதியுங்கள், சரியாகிவிடும்.